டிடக்டிபிளுக்குத் தமிழில்: 'கழிவுத்தொகை' வேண்டாம், 'தன்னேற்பு' எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

காப்பீட்டில் டிடக்டிபிள் என்றால், சேதம் நேரும்போது நிறுவனம் தருவதற்கு முன் நாமே ஏற்க வேண்டிய முதல் தொகை. அதற்குத் தமிழில் 'கழிவுத்தொகை' என்று இங்கே ஐயா ஒருவர் முன்வைத்ததை நானும் முதலில் ஏற்றுக்கொண்டவன்தான், போன மாதம் வரை அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். நாங்கள் இருப்பது டெக்சாஸ், டாலஸ் பக்கம். வசந்த காலத்தில் ஆலங்கட்டி மழை வந்தால் கூரையின் தார் ஓடுகள் அம்மை போட்டதுபோல் ஆகிவிடும். பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்துக்கு அப்படித்தான் ஆனது. அந்த வீட்டுப் பெரியவருக்காக அவர்களுடைய காப்பீட்டுச் சுருக்கப் பக்கத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். 'கழிவு 8,000 டாலர்' என்ற வரியில் விரலை வைத்து, "பரவாயில்லையே தம்பி, எட்டாயிரம் தள்ளுபடி தர்றானா?" என்றார்.

தப்பு அவருடையது இல்லை. துணிக்கடையிலும் கதர்க் கடையிலும் கழிவு என்றால் நமக்குக் கிடைப்பது, இங்கேயோ நம் கையை விட்டுப் போவது. ஒரே சொல் நேர் எதிராகப் படிக்கப்படுகிறது என்றால் அந்தச் சொல் உதவாது.

சரி, கணக்கைப் பாருங்கள். வீட்டுக் கட்டடத்தின் காப்புத்தொகை (எவ்வளவுக்குக் காப்பீடு செய்திருக்கிறோமோ அது) 4,00,000 டாலர், காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் டிடக்டிபிள் 2 விழுக்காடு. பலர் இதைச் சேதத்தில் 2 விழுக்காடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது காப்புத்தொகையில் 2 விழுக்காடு, அதாவது 8,000. கூரை மாற்ற 13,500 ஆனால் நிறுவனம் தருவது 5,500 (தேய்மானக் கணக்கை இப்போதைக்கு விட்டுவிடுவோம்). 7,000 டாலர் சேதம் என்றால் ஒன்றுமே வராது. அடுத்த ஆலங்கட்டி மழைக்கு இன்னொரு முறை கேட்டால் மறுபடி அந்த 8,000 நம் தலையில்தான். இங்குள்ள மருத்துவக் காப்பீட்டில் இருப்பதுபோல் ஆண்டுக்கு ஒருமுறை கட்டி முடித்தோம் என்பதெல்லாம் வீட்டுக் காப்பீட்டில் பொதுவாகக் கிடையாது. "அந்தத் தொகையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கூரைக்காரர் சொன்னாலும் ஒத்துக்கொள்ள முடியாது, 2019 செப்டம்பர் முதல் டெக்சாஸில் அது சட்டப்படி குற்றம்.

டிடக்டிபிள் என்ற ஆங்கிலச் சொல் நிறுவனத்தின் மேசையிலிருந்து பார்க்கிறது, தருவதில் கழித்துக்கொள்வது நிறுவனம். ஜெர்மானியர்கள் இதையே 'செல்ப்ஸ்ட்பெஹால்ட்' என்கிறார்கள், தானே வைத்துக்கொள்வது என்று பொருள். இது வீட்டுக்காரர் பக்கத்துப் பார்வை. நமக்கும் இதுதான் வேண்டும்.

'தன்பங்கு' என்று போட்டுப் பார்த்தேன். மருத்துவக் காப்பீட்டின் கோ-பே என்பதோடு குழம்பும், அது ஒவ்வொரு பில்லிலும் நாம் கட்டும் பங்கு, இது இழப்பின் முதல் துண்டு. 'தன்பொறுப்பு' எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஆனால் நம் வாசலில் வழுக்கி விழுந்தவருக்கு ஈடு தரும் பொறுப்புக் காப்பும் அதே பத்திரத்தில் இருக்கிறது, இரண்டும் மோதும். 'விலக்குத்தொகை' வரிக்காரர்களுடையது.

அதனால் தன்னேற்பு. தானே ஏற்கும் இழப்பு. கூட்டுச்சொற்களில் வளைகிறதா என்பதுதான் எனக்கு முக்கியமான சோதனை: சூறாவளித் தன்னேற்பு (புளோரிடா பத்திரங்களில் தனியாகவே இருக்கும்), விழுக்காட்டுத் தன்னேற்பு. இந்திய வாகனக் காப்பீட்டுக்கும் பொருந்துகிறது. 1500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாய் கட்டாயத் தன்னேற்பு, பிரீமியம் குறைய நாமே கூட்டிக்கொள்வது விருப்பத் தன்னேற்பு. பிரிட்டனில் எக்சஸ் என்பதும் இதேதான், தனிச்சொல் தேவையில்லை.

விழுக்காட்டுத் தன்னேற்பு என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், எதில் விழுக்காடு என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை. 'தன்னேற்பு: காப்புத்தொகையில் 2 விழுக்காடு, 8,000 டாலர்.'

நேற்றுச் சாயங்காலம் இந்த வரியை மட்டும் மாற்றி எழுதி எடுத்துப்போனேன். பெரியவர் இரண்டு முறை படித்தார். "நாமளே ஏத்துக்கணுமா? எட்டாயிரமா?" என்றவர், மகனைக் கூப்பிட்டு வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்.