மடங்கு ஏறும் விளையாட்டு: ‘சரிபார்க்கத்தக்க நேர்மை’ எதுவரை காக்கும்?

காட்பாடி நிரலர்:

சென்ற வாரம் இக்குழுவில் ஒருவர், “விமானம் ஏறும் ஆட்டத்தில் நாம் பெரிய தொகை வைத்தால், கம்பெனிக்காரன் பார்த்துக்கொண்டே இருந்து உடனே வெடிக்க வைக்கிறான்” என்று எழுதியிருந்தார். அது பொதுவாகச் சரியல்ல என்பதை விளக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். ‘சரிபார்க்கத்தக்க நேர்மை’ என்பது, விடை முன்பே முடிவானது, நடுவில் மாற்றப்படவில்லை என்று ஆடுபவரே கணக்கிட்டுப் பார்க்க வழி தரும் முறை. சூதாட்டத்தை நான் ஆதரிக்கவில்லை. எதிர்ப்பவர்கள் அது இயங்கும் விதத்தை அறிந்து எதிர்க்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஆட்டம் எளியது. 1.00 மடங்கில் தொடங்கும் எண் 1.20, 1.75, 3.40 என்று ஏறிக்கொண்டே போய், ஏதோ ஒரு கணத்தில் அறுந்துவிடும். அதற்கு முன் ‘கேஷ் அவுட்’ செய்தவருக்கு அந்த மடங்கில் பணம் கிடைக்கும். செய்யாதவருக்கு வைத்தது போகும். திரையில் ஏறுவது வெறும் படம். எங்கே அறும் என்பது, விமானம் கிளம்பும்போதே முடிவான ஒன்று.

இவ்வகை ஆட்டத்தை நடத்த 2014இல் தொடங்கிய பஸ்டாபிட் தளம் இதற்கு ஒரு சங்கிலி முறையைக் கையாண்டது. ஓர் இரகசியச் சரத்தை (எழுத்து வரிசையை) எஸ்.எச்.ஏ-256 என்ற ஹாஷ் சார்புக்குள், அதாவது எதையும் ஒரே நீளமுள்ள குறியாக மாற்றும், ஆனால் குறியிலிருந்து மூலத்தை மீட்க விடாத கணக்குக்குள், செலுத்தி, வந்த விடையை மறுபடியும் அதற்குள்ளேயே செலுத்தி, இவ்வாறு 1 கோடி ஹாஷ்களை முன்னதாகவே உருவாக்கிவிட்டு, ஆட்டத்தின்போது அவற்றைக் கடைசியிலிருந்து முதலை நோக்கி ஒவ்வொன்றாக வெளியிட்டார்கள். ஒவ்வொரு ஹாஷிலிருந்தும் ஒரு சுற்று எங்கே அறும் என்பது கணக்கிடப்படும். இன்றைய சுற்றின் ஹாஷை நீங்கள் ஒருமுறை ஹாஷ் செய்தால் முந்தைய சுற்றின் ஹாஷ் வந்து நிற்க வேண்டும். நடுவில் ஒரு சுற்றைத் திருத்தினாலும் சங்கிலி பொருந்தாது. தமக்குச் சாதகமான சங்கிலியைப் பொறுக்கி எடுத்திருப்பார்களோ என்ற ஐயம் எழாதிருக்க, இனிமேல் உருவாகப்போகும், ஹாஷ் என்னவென்று யாரும் முன்னரே அறிய முடியாத ஒரு பிட்காயின் பரிவர்த்தனைத் தொகுதியை முன்கூட்டியே அறிவித்து, அதன் ஹாஷையும் கணக்கில் கலந்தார்கள். ஸ்ப்ரைப் நிறுவனத்தின் ஏவியேட்டர் என்ற விமான ஆட்டத்தில் வழி வேறு: சர்வர் சீடின் (நடத்துபவரின் கணினி தரும் இரகசியத் தொடக்கச் சரத்தின்) ஹாஷ் சுற்றுக்கு முன்பே காட்டப்படுகிறது, முதலில் பந்தயம் வைக்கும் மூவரின் சீடுகளும் அதனுடன் சேர்ந்து எஸ்.எச்.ஏ-512 வழியாக விடை பிறக்கிறது. இரண்டிலுமே உங்கள் பந்தயத் தொகைக்குக் கணக்கில் இடமில்லை.

வாலாஜா கணக்காசிரியர்:

தம்பி, உங்கள் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி மிகச் சிறியது. விடையை நடுவழியில் மாற்றவில்லை என்று நிறுவுகிறீர்கள். அந்த விடைகள் எந்த விகிதத்தில் அமைக்கப்பட்டவை என்பதை நான் கேட்கிறேன்.

ஏவியேட்டர் நெடுங்காலத்தில் பந்தயப் பணத்தில் 97 சதவீதத்தைத் திருப்பித் தருவதாக அந்நிறுவனமே கூறுகிறது. அதன்படி, ஒரு மடங்கை எட்டும் வாய்ப்பு என்பது 0.97ஐ அந்த மடங்கால் வகுத்தால் வரும் எண்ணே. 2 மடங்கை எட்ட 48.5 சதவீதம், 10 மடங்கை எட்ட 9.7 சதவீதம். எந்த மடங்கில் வெளியேற முடிவு செய்தாலும், வாய்ப்பையும் மடங்கையும் பெருக்கினால் 0.97தான் வரும். ஆகவே 1.30இல் வெளியேறும் ‘நிதானக்காரரும்’ 50 மடங்குக்குக் காத்திருக்கும் ‘துணிச்சல்காரரும்’ சராசரியில் ஒரே விகிதத்தில்தான் இழக்கிறார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு, வகுப்பில் சொல்லியிருந்தால் மாணவர்கள் ரசித்திருப்பார்கள். விமானம் 2 மடங்கைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். இனி அது 4 மடங்கைத் தொடும் வாய்ப்பு சரியாகப் பாதி. அதாவது, பறக்கத் தொடங்கிய பிறகு ஆட்டம் உண்மையிலேயே நேர்மையானது. நடத்துபவரின் 3 சதவீதம், ஏறாமலேயே 1.00இல் அறுந்துபோகும் சுற்றுகளில் முன்னதாகவே எடுக்கப்பட்டுவிடுகிறது. எனவே உங்கள் இழப்பைத் தீர்மானிப்பது எப்போது வெளியேறுகிறீர்கள் என்பதன்று, எத்தனை சுற்று உட்காருகிறீர்கள் என்பதே.

நம் மாவட்டத் திருவிழாக்களில் லங்கர் கட்டை (ஆறு முகத்தில் ஆறு சின்னம் கொண்ட பகடை) உருட்டுபவரை நினைத்துப் பாருங்கள். மூன்று கட்டை உருட்டி, வைத்த சின்னம் ஒன்றில் வந்தால் ஒரு பங்கு, இரண்டில் வந்தால் இரண்டு பங்கு, மூன்றிலும் வந்தால் மூன்று பங்கு என்று கொடுத்தால், அவருக்கு நிற்பது 216இல் 17 பங்கு, ஏறத்தாழ 7.9 சதவீதம். இந்தச் செயலியோ 3 சதவீதம்தான் எடுக்கிறது. ஆனால் ‘வை ராஜா வை’ என்ற குரல் சிரசுத் திருவிழாவோடு குடியாத்தத்தை விட்டுப் போய்விடும். இது பாயில் படுத்த பிறகும் கையில் இருக்கிறது. சுற்றுக்கு 50 ரூபாய் வீதம் ஓர் இரவில் 200 சுற்று ஆடினால் பந்தயமாகச் சுழல்வது 10,000 ரூபாய். சராசரி இழப்பு 300 ரூபாய். அடுத்த இரவு இன்னொரு 300.

சத்துவாச்சாரி இளையவன்:

ஐயா, எப்போதும் 2 மடங்கில் தானாக வெளியேறும்படி அமைத்து, தோற்றால் தொகையை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால், ஒருமுறை வென்றதும் எல்லாம் திரும்பிவிடுமே? தொடர்ந்து பத்து முறை தோற்பது நடக்கிற காரியமா?

வாலாஜா கணக்காசிரியர்:

நடக்கும், தம்பி. ஒரு சுற்றில் தோற்கும் வாய்ப்பு 51.5 சதவீதம் என்றால், பத்தும் தோற்பது ஏறத்தாழ 762இல் ஒன்று. 100 ரூபாயில் தொடங்கியவருக்கு அந்தப் பத்துச் சுற்றில் போவது 1,02,300 ரூபாய். பதினோராவதற்கு 1,02,400 கையில் வேண்டும். மற்ற 761 முறையும் முறைக்கு 100 ரூபாய் வென்றிருந்தாலும் சேர்வது 76,100தான். இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

குடியாத்தம் கைப்பேசிக் கடை:

நீங்கள் இருவரும் உண்மையான தளத்தைப் பற்றியே வாதிடுகிறீர்கள். என் கடைக்கு வரும் கைப்பேசிகளில் நான் காண்பது வேறு: அதே விமானம், அதே நிறம், ஆனால் யார் செய்தது என்றே தெரியாத ஏ.பி.கே கோப்பு (கைப்பேசியில் நேரடியாக நிறுவும் செயலிக் கோப்பு). பணம் போவது தனிநபர் பெயரிலுள்ள யு.பி.ஐ கணக்குக்கு. அதில் ஹாஷ் என்று ஏதோ ஒரு நீண்ட எழுத்து வரிசை காட்டப்படுவதும் உண்டு. அது எதையும் கட்டுப்படுத்தாத அலங்காரமாகவே இருக்கலாம். இதோடு, ‘அடுத்த எண்ணைச் சொல்லும் பிரெடிக்டர்’ என்று டெலிகிராமில் தனியாக ஒரு வியாபாரம் நடக்கிறது.

நிரலர் நண்பருக்கு ஒரு கேள்வியும் உண்டு. முதல் மூவரின் சீடு கலப்பதால் நேர்மை என்கிறீர்கள். அந்த மூவருமே நடத்துபவரின் பொம்மைக் கணக்குகளாக இருந்தால் என்ன ஆகும்?

காட்பாடி நிரலர்:

பிரெடிக்டர் பற்றி முதலில். ஹாஷிலிருந்து மூலச் சரத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கும் நடைமுறை வழி எதுவும் இல்லை. பழைய சுற்றுகள் முழுவதையும் கொடுத்தாலும் அடுத்ததைக் கூற முடியாது. திரையின் மேல் வரிசையாகக் காட்டப்படும் கடந்தகால மடங்குகளாலும் பயனில்லை. ‘இவ்வளவு நேரம் சின்ன எண்ணாக வந்தது, இனிப் பெரிது வரும்’ என்று நம்ப வைப்பதைத் தவிர அந்த வரிசை வேறு எதற்குமில்லை.

பொம்மைக் கணக்கு என்ற ஐயம் கூர்மையானது. சர்வர் சீடும் அவர்களுடையது, மூன்று பயனர் சீடுகளும் அவர்களுடையவை என்றால், பல சீடுகளை முயன்று பார்த்துத் தாழ்ந்த விடையைத் தேர்ந்தெடுக்க இயலும். ஹாஷும் ஒழுங்காகப் பொருந்தும். அதைப் பிடிக்க ஹாஷ் போதாது, எண்ணிக்கைதான் வேண்டும். 10,000 சுற்றுகளைத் தொகுத்தால் 2 மடங்கை எட்டியவை 4,850ஐ ஒட்டி இருக்க வேண்டும். தற்செயலால் வழக்கமாக நேரும் ஏற்றத்தாழ்வின் அளவு, அதாவது திட்ட விலக்கம், ஏறத்தாழ 50. 4,700க்கும் கீழே இறங்கினால் தற்செயல் என்று நான் ஏற்கமாட்டேன். ஆகவே பொதுமக்கள் சரிபார்க்க முடியும் என்ற என் கருத்து நிற்கிறது. அதற்குரிய உழைப்பு மட்டும் கூடுகிறது.

வாலாஜா கணக்காசிரியர்:

அந்த உழைப்பை யார் எடுப்பார்கள் என்பதே என் மறுப்பு. சுற்றுக்கு முன் காட்டப்படும் ஹாஷைக் குறித்துக்கொண்டு, சுற்று முடிந்ததும் வெளியிடப்படும் சீடை ஹாஷ் செய்து ஒப்பிட்டால்தான் அது சரிபார்ப்பு. சில நொடிகளில் அடுத்த சுற்று தொடங்கும் ஓர் ஆட்டத்தில் அப்படி ஒருவர் குறித்து வைப்பார் என்று நம்புவது கடினம். மேலும், நீங்கள் பொத்தானைத் தொட்ட நேரமன்று, அந்தத் தகவல் சர்வரைச் சேர்ந்த நேரமே கணக்கு. 2.29இல் தொட்டும், தகவல் சேர்வதற்குள் 2.31இல் அறுந்துவிட்டதாகத் திரை சொன்னால் எந்த ஹாஷ் உங்களுக்குச் சாட்சி சொல்லும்? வென்ற பணத்தை வங்கிக்கு அனுப்ப மறுத்தால்?

அங்கேதான் சட்டம் வேண்டியிருக்கிறது. இங்கே அதுவும் உங்கள் பக்கம் இல்லை. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்தது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடைக்குள் கொண்டுவந்து, நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. இந்நிலையில் பணம் கட்டச் சொல்லும் செயலியை மேற்பார்வையிட இங்கே எவருமில்லை.

காட்பாடி நிரலர்:

பணம் வந்து சேருமா என்பதற்கு ஹாஷ் பொறுப்பேற்காது. அதில் உங்களோடு வேறுபடவில்லை. ஆனால் ‘நம் தொகையைப் பார்த்து வெடிக்க வைக்கிறான்’ என்ற பேச்சு ஆடுபவரைத் தவறான திசைக்கு அனுப்புகிறது என்பதில் உறுதியாக இருக்கிறேன். அதை நம்புகிறவர், சிறிய தொகையாக வைத்தால் தப்பிக்கலாம் என்று எண்ணி மேலும் பல சுற்றுகள் ஆடுகிறார். நீங்களே சொன்ன கணக்கின்படி அதுதான் அதிக இழப்புக்கு வழி. யாரிடமாவது பழைய சுற்றுகளின் பட்டியல் இருந்தால் இங்கே பதியுங்கள், 2 மடங்கை எட்டிய சுற்றுகளைப் பைத்தான் நிரல்மொழியில் எண்ணிச் சொல்கிறேன்.

குடியாத்தம் கைப்பேசிக் கடை:

பதிபவர்கள் எந்தச் செயலியிலிருந்து எடுத்தது என்பதையும் குறிப்பிடுங்கள். போலிச் செயலி ஆட்டத்தில் ஒன்றையும் வரலாற்றுப் பக்கத்தில் வேறொன்றையும் காட்டலாம். எனவே பட்டியலை நகலெடுக்காமல், ஆட்டம் ஓடும்போதே திரைப்பதிவு செய்து அனுப்புங்கள். பணம் கட்டாமல் வேடிக்கை பார்த்தாலே பதிவு கிடைத்துவிடும்.