தெரு முழுக்க ரத்தம் எடுக்கலாமா?

குடந்தை வக்கீல்:
ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம், பாலியல் வன்முறைக் கொலை, சந்தேகப்பட ஆள் இல்லை. போலீஸ் ஒரு தெருவின் ஆண்கள் எல்லோரையும் "விருப்பப்பட்டு" டிஎன்ஏ சோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொல்கிறது. கொடுக்காதவனை ஊர் சும்மா விடுமா? 2022 குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டத்தில், கைதானவரிடம் ரத்தம் போன்ற மாதிரியைக் கட்டாயமாக எடுப்பதற்கே வரம்பு உண்டு: பெண், குழந்தைக்கு எதிரான குற்றம், அல்லது 7 ஆண்டுக்குக் குறையாத தண்டனை. கைதாகாதவனிடம் எந்த உரிமையில் கேட்கிறார்கள்?

தஞ்சாவூர் ஸ்வாப்:
அதே சட்டத்தில் 5ஆம் பிரிவையும் படிங்க சார். விசாரணைக்குத் தேவைன்னா மாஜிஸ்திரேட் யாருக்கும் உத்தரவு போடலாம். இங்கிலாந்தில் 1986-87இல் லெஸ்டர்ஷயர் வழக்கு: 17 வயசுப் பையன் ஒரு கொலையை ஒப்புக்கொண்டுவிட்டான். அவனில்லைன்னு சொன்னதே டிஎன்ஏதான். அப்புறம் 5,000 பேருக்கு மேல் ரத்தம் எடுத்தாங்க, கொலைகாரன் கிடைச்சான்.

குடந்தை வக்கீல்:
எப்படிக் கிடைத்தான் என்பதையும் சொல்லுங்கள். தனக்குப் பதில் கூட வேலை பார்த்தவனை அனுப்பி ரத்தம் கொடுக்க வைத்தான். அந்த ஆள் மதுக்கடையில் உளறியதால்தான் மாட்டினான். 5,000 பேர் ரத்தம் அவனைக் காட்டவில்லை.

நன்னிலம் மரபணு:
நம்ம ஊருக்கு வருவோம். இந்த மாதிரி வழக்கில் ஸ்வாப், அதாவது பெண்ணின் உடலில் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்த மாதிரி, முழுக்கப் பெண்ணின் செல்கள். விந்தணு இருந்தால் பிரித்தெடுக்கலாம். இல்லையென்றால் ஆணின் பங்கு மூழ்கிப்போகும், ஆணிடம் மட்டும் உள்ள ஒய் குரோமோசோமை மட்டும் பார்ப்பார்கள். அது அப்பாவிடமிருந்து மகனுக்கு அப்படியே இறங்குவது. இடையில் பிறழ்வு வந்தாலொழிய பெரியப்பா மகன், சித்தப்பாவின் மகன் வழிப் பேரன் எல்லோருக்கும் ஒரே எண்கள் (டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் ஒரு துண்டு எத்தனை முறை திரும்ப வருகிறது என்ற கணக்கு). ஒரே குலதெய்வத்துக்குப் படையல் போடும் பதினைந்து பங்காளி வீடும் தாளில் ஒரே ஆள்! ஒருவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மற்ற பதினான்கு வீட்டையும் கேட்காமலே கொடுத்த மாதிரி.

தஞ்சாவூர் ஸ்வாப்:
அதனால்தான் ஒய் முடிவை வைத்து யாரையும் "இவன்தான்"னு சொல்லக்கூடாது, "இந்த வம்சத்தை விலக்க முடியாது"ன்னு மட்டும் எழுதணும். ஆட்டோசோமில், அதாவது அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வரும் மற்ற குரோமோசோம்களில், 20 இடம் பொருந்தினால் கதையே வேற.

நன்னிலம் மரபணு:
வேறதான். ஆனால் "கோடானுகோடியில் ஒருவர்" என்பது உறவில்லாதவர்களுக்குப் போட்ட கணக்கு. அத்தை மகளையும் அக்கா மகளையும் கட்டும் ஊரில் இருவருக்கு ஒரே எண்கள் வருவது கூடும். அதற்குத்தான் தீட்டா திருத்தம் (ஊருக்குள் உறவு கலந்திருப்பதைக் கணக்கில் சேர்க்கும் எண்), 0.01 முதல் 0.03 வரை. அதைச் சேர்த்தாலும் கூடப்பிறந்தவனுக்குத் தனிக் கணக்கு போட வேண்டும். அறிக்கையில் அது இருக்கிறதா என்று குறுக்கு விசாரணையில் கேட்கும் வக்கீல் எத்தனை பேர்? (குடந்தையாரைச் சொல்லவில்லை.)

தஞ்சாவூர் ஸ்வாப்:
கணக்குக்கு முன்னாடி மாதிரி வைக்கும் உறையைப் பாருங்க. ஐப்பசி அடைமழையில் ஈர ஸ்வாபை பாலிதீன் பையில் கட்டினால் உள்ளே புழுங்கும், பூஞ்சை பிடிக்கும். பாக்டீரியா டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கும். நீளமான இடங்கள் முதலில் போகும், 20க்கு 9தான் தேறும். நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனி காகித உறையில் வைக்கணும். ரத்தம், அது உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ மருந்து உள்ள குழாயில், 4 டிகிரி குளிரில். தேனி மாவட்ட வழக்கு ஒன்றில் 2025இல் உச்ச நீதிமன்றம், டிஎன்ஏ மாதிரி கைமாறிய வரிசை சரியில்லைங்கிறது உட்படப் பல குறைகளைச் சொல்லி, தூக்குத் தண்டனைக் கைதியை விடுவிச்சது. எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போகணும், ஒவ்வொரு கைமாற்றமும் பதிவேட்டில் ஏறணும்னும் சொல்லிட்டாங்க. இதைச் சரியாச் செய்தால் உங்க பயம் பாதி போயிடும்.

குடந்தை வக்கீல்:
உறை சரியாக இருந்தால் என் பயம் கூடத்தான் செய்யும். மாதிரி கெடாமல் இருக்கும், பதிவு 75 ஆண்டு இருக்கும். விடுதலையானவன் பதிவை அழிக்கச் சட்டம் சொல்கிறது. வழக்கிலேயே இல்லாமல் "விருப்பப்பட்டு" கொடுத்தவன் பதிவு? டிஎன்ஏவுக்கென்று கொண்டுவந்த 2019 மசோதாவையும் 2023இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். சரி, ஒன்று கேட்கிறேன். மறுத்தவன் பெயர் கேஸ் டைரியில் ஏறுமா, ஏறாதா?

தஞ்சாவூர் ஸ்வாப்:
எழுதாம எந்த விசாரணை அதிகாரி விடுவார்?

குடந்தை வக்கீல்:
அப்புறம் விருப்பம் என்ற சொல் எதற்கு? நேரே 5ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் போகட்டும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் காரணம் எழுதட்டும். "அதே தெருவில் குடியிருக்கிறார்" என்பது காரணமாகாது.