ரெய்னியர் மலையில் ஸ்னோஷூ: நீளத்தைவிடப் பல் முக்கியம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் மவுண்ட் ரெய்னியரின் பாரடைஸ் பக்கம் போகிறவர்கள் ஸ்னோஷூ, அதாவது பனியில் புதையாமல் நடக்கப் பூட்ஸுக்கு அடியில் மாட்டும் அகன்ற சட்டம், பற்றி முதலில் கேட்பது "எத்தனை அங்குலம் வாங்கலாம்?" என்பதுதான். உடம்பு எடையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பூட்ஸ், ஜாக்கெட், இரண்டு லிட்டர் தண்ணீர், சாப்பாடு, முதுகுப்பை எல்லாம் சேர்ந்தால் 70 கிலோ ஆள் 80ஐ நெருங்கிவிடுவார். 22 அங்குல ஸ்னோஷூக்கள் பலவற்றில் 180 பவுண்டு, அதாவது 82 கிலோ வரை தாங்கும் என்று போட்டிருக்கும். அந்த எல்லை கிட்டே வந்ததும் பலர் 25, 30 என்று ஏறிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு. ரெய்னியர் இருக்கும் காஸ்கேட் மலைகளில் பசிபிக் கடலின் ஈரத்தோடு விழுகிற பனி கனமானது, சீக்கிரம் இறுகிவிடும். 'காஸ்கேட் கான்கிரீட்' என்றே அதற்குப் பெயர். பெரிய பரப்பு தேவைப்படுவது யூட்டா, கொலராடோ போன்ற இடங்களின் உலர்ந்த பொடிப்பனியில். இங்கே நீளம் கூடினால் மரங்களுக்கு நடுவே திரும்புவதே பாடாகிவிடும்.

*

இதோடு ஒன்று சேர்க்கிறேன். புதுப்பனி முழங்கால் அளவுக்கு விழுந்த மறுநாள் 22 அங்குலம் போதாது. அதற்காக இரண்டு ஜோடி வாங்க வேண்டியதில்லை. எம்எஸ்ஆர் நிறுவனத்தின் ஈவோ போன்ற மாடல்களில் பின்னால் மாட்டிக்கொள்ள 6 அங்குல வால் துண்டு தனியாகக் கிடைக்கிறது. தேவையான நாளில் மாட்டலாம், மற்ற நாளில் பையில் கிடக்கட்டும்.

*

நீளத்தைவிட, அடியில் பனியைக் கடித்துப் பிடிக்கும் உலோகப் பல்லைப் பாருங்கள். வட்டக் குழாய்ச் சட்டம், பாதத்துக்குக் கீழே மட்டும் பல் என்று இருப்பவை சமதளத்துக்குச் சரி. சரிவைக் குறுக்கே கடக்கும்போது அந்த உருண்டைச் சட்டத்துக்குப் பிடிமானம் கிடையாது. கால் கீழ்ப்பக்கமாக வழுக்கும், கணுக்கால் மடங்கும். எம்எஸ்ஆரின் லைட்னிங் அசென்ட் வகையில் சட்டமே பல் வெட்டிய தகடு, அதனால் சுற்றிலும் கடிக்கும். குதிகாலைத் தாங்கும் கம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். நெட்டுக்குத்தான ஏற்றத்தில் அதைத் தூக்கிவிட்டால் கெண்டைக்கால் தப்பிக்கும். இறங்கும்போது மறக்காமல் மடக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆளை முன்னால் தள்ளும்.

வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி இருக்கும் நாளில் பல்லுக்கு அடியில் பனி உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். பல் பனியைத் தொடாது, கட்டையில் நடப்பது போல ஆகிவிடும். காரின் சூட்டிலிருந்து எடுத்த உடனே மாட்டுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்: உருகிய நீர் உலோகத்தில் உறைந்து அடுத்த பனிக்கு ஒட்டுப்பசையாகிறது. வெளியே பத்து நிமிடம் குளிர வைத்துவிட்டு மாட்டுங்கள். முந்தின இரவே அடிப்பக்கத்தில் சிலிகான் ஸ்பிரே அடித்து வைத்தால் இன்னும் நல்லது. வழியில் ஊன்றுகோலால் தட்டிவிட்டுக்கொண்டே போகலாம்.

*

பட்டை கட்டுவதில்தான் பாதி வலி. பாதத்தின் அகன்ற பகுதி, அதாவது விரல்களுக்குப் பின்னால் இருக்கும் மேடு, ஸ்னோஷூ மடங்கும் அச்சுக்கு நேர் மேலே உட்கார வேண்டும். முன்னே தள்ளிப்போனால் பூட்ஸ் நுனி தகட்டில் இடிக்கும். பின்னே போனால் முன்பல் கடிக்காது. பக்கிள் வெளிப்பக்கம் இருக்கட்டும். கட்டி 10 நிமிடம் நடந்ததும் பட்டை தளரும், நின்று ஒருமுறை இறுக்குங்கள். பையில் மாற்றுப் பட்டை ஒன்று, ஜிப் டை நாலைந்து, அச்சுக்கு ஒரு உபரி ஊசி.

பின்னோக்கி அடி வைக்காதீர்கள். வால் பனியில் குத்தி ஆள் மல்லாந்துவிடுவார். சின்ன அரைவட்டம் போட்டுத் திரும்புங்கள்.

*

கருவி பற்றி இவ்வளவு பேசியாயிற்று, இதையும் எல்லோரும் படிக்க வேண்டும். பாரடைஸ் 1,645 மீட்டர் உயரம். 1971-72 குளிர்காலத்தில் மட்டும் அங்கே 1,122 அங்குலம், 28 மீட்டருக்கும் மேல் பனி விழுந்திருக்கிறது. கோடைப் பாதை எங்கே போகிறது என்ற ஞாபகத்தை வைத்து நடக்காதீர்கள். பனோரமா பாயின்ட்டுக்குப் போகும் கோடைப் பாதை பனிச்சரிவு விழும் சரிவுகளைக் குறுக்கே வெட்டுகிறது. பனிச்சரிவு அதிகம் கிளம்புவது 30 முதல் 45 டிகிரி சாய்வில். நீங்கள் நிற்கும் இடம் சமமாக இருந்தாலும் தலைக்கு மேலே அந்தச் சாய்வு இருந்தால் ஆபத்துதான். வடமேற்குப் பனிச்சரிவு மையத்தின் அன்றைய முன்னறிவிப்பைக் காலையில் படியுங்கள். அந்தச் சரிவுப் பக்கம் போவதானால் ஆளுக்கொரு பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி), பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், மண்வெட்டி மூன்றும் வேண்டும், பயன்படுத்தவும் பழகியிருக்க வேண்டும். இவை இல்லாதவர்களுக்கு நிஸ்குவாலி விஸ்டா சுற்று போதும், ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான்.

ஊசியிலை மரங்களின் அடியை ஒட்டி நடக்காதீர்கள். கிளைகளுக்குக் கீழே பனி இறுகாமல் பள்ளமாக இருக்கும். தலைகீழாக விழுந்தால் தனியாக எழுவது கடினம்.

*

நவம்பர் 1 முதல் மே 1 வரை பூங்காவுக்குள் எல்லா வண்டியிலும் டயர் சங்கிலி இருக்க வேண்டும், நாலு சக்கர இழுவை வண்டியிலும்கூட. பாரடைஸுக்கு ஏறும் சாலையில் இருக்கும் லாங்மயர் கேட்டை மாலையில் மூடிவிடுவார்கள். மூடும் நேரத்தைப் பார்த்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத் திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். ஏற்றத்தில் மணிக்கு 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வது பத்திரம். மிதிபட்டு இறுகிய பாதையாக இருந்தால் ஸ்னோஷூவைப் பையில் கட்டிக்கொண்டு, பூட்ஸில் மாட்டும் சின்ன முள்சங்கிலியோடு நடப்பதே சுலபம். பனிச்சறுக்குக்காரர்களின் தடத்தை மிதிக்காமல் பக்கத்தில் தனித் தடம் போடுங்கள்.