புதுப்பிப்பு: புதுக் காரும் அதன் பொத்தான்களும்

புதுக் காரில் இத்தனை வசதிகள் இருக்கின்றனவே, எதிலிருந்து தொடங்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். கையேட்டைப் படிக்கச் சொன்னவர்களுக்கு நன்றி. தடித்த புத்தகத்தைப் புரட்டுவதைவிட, அதன் பிடிஎஃப் வடிவத்தில் வேண்டியதைத் தேடிப் படிப்பது சுலபமாக இருக்கிறது.

மிகவும் பிடித்துப்போனது ஆட்டோ ஹோல்டு. சிக்னலில் பிரேக்கை அழுத்தி வண்டி நின்றதும் திரையில் பச்சை எழுத்து ஒளிர்கிறது. காலை எடுத்தாலும் வண்டி நகர்வதில்லை. ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் பிடி விடுகிறது. நெரிசலில் வலது காலுக்குப் பெரிய விடுதலை! பார்க்கிங்கில் அங்குலம் அங்குலமாக நகர்த்தி நிறுத்தும்போது மட்டும் அணைத்துவிடுகிறேன்.

நாம் வைத்த வேகத்தைத் தானே காக்கும் அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோலை அவ்வளவாக நம்பவில்லை. முன்னால் செல்லும் வண்டியோடு இடைவெளி காக்கிறது, சரி. ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் வண்டியை உணராமல் போகலாம் என்று கையேடே எச்சரிக்கிறது.

சாவியின் பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். என் வண்டியில், சாவிக்குள்ளேயே சிறிய உலோகச் சாவி ஒளிந்திருக்கிறது. அதைக் கொண்டு கதவைத் திறந்து, பேட்டரி தீர்ந்த சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் இன்ஜின் இயங்கும்.

குரல் கட்டளைகள் பக்கம் இன்னும் போகவில்லை. காரோடு பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது.