புதுப்பிப்பு: ஊமையான என் சிந்தசைசர்

போன கிழமை எழுதியிருந்தேன்: வாசித்துக்கொண்டிருக்கும்போதே என் பழைய அனலாக் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியில் சத்தம் நின்றுவிட்டது, விளக்குகள் மட்டும் எரிகின்றன என்று. கேபிள், ஹெட்போன் துளை, ஒலியை வடிகட்டும் ஃபில்டர் கட்ஆஃப் குமிழ் எல்லாம் பார்த்தாச்சு. பிழை அங்கே இல்லை.

மல்டிமீட்டரை வைத்ததும் குட்டு வெளிப்பட்டது. +12 வோல்ட் சரி. −12 இருக்கவேண்டிய இடத்தில் வெறும் 0.3. விளக்குகளுக்குப் பிளஸ் பக்கம் போதும். ஒலியைக் கையாளும் ஆப்ஆம்ப் சிப்களுக்கு இரண்டும் வேண்டும். −12 வோல்ட்டைத் தரும் 7912 ரெகுலேட்டரின் ஒரு காலைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, பற்றவைத்த ஈயத்தில் மயிரிழை வெடிப்பு. உப்புவெளியில் கடல் பக்கத்து யன்னலைத் திறந்துவைத்தால் வேறென்ன நடக்கும்!

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, துடைத்து, புதிதாக வைத்தேன். போன பதிவைப் பார்த்துக் கப்பாசிட்டரை மாற்றச் சொன்ன அண்ணை மன்னிக்கவும், அது நன்றாகவே இருக்கிறது. மூன்று நாளாகச் சத்தம் வருகிறது. சுருதிதான் இன்னும் கொஞ்சம் விலகுகிறது.