வெட்டு முடிந்தபின் எழும் வைக்கோற் புகை

கேள்வி (கல்முனை): பெரும்போக (மாரிக்கால) நெல் வெட்டு முடிந்ததும் வயல்களில் வைக்கோலைக் கொளுத்துவதால், இழுப்பு நோயுள்ள என் தாயார் மாலைதோறும் மூச்சுத்திணறுகிறார். எரிக்காமல் வேறு வழி உண்டா?

பதில் (அக்கரைப்பற்று): அறுவடை இயந்திரம் போட்டுச்செல்லும் வைக்கோலை அகற்றக் கூலி கட்டுப்படியாகாததாலேயே பலர் தீ வைக்கின்றனர்; நானும் வைத்தவன்தான். எரிக்கையில் அதிலுள்ள, பயிருக்கு உரமாகும் நைதரசனின் பெரும்பகுதி காற்றோடு போகிறது என்பது, 2021 இல் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இப்போது வைக்கோலை மண்ணுக்குள் மடித்து உழுகிறேன்.

பதில் (மட்டக்களப்பு): நல்லது, ஆனால் நீர் கட்டுவதற்குச் சில வாரங்கள் முன்பே, நிலம் காய்ந்திருக்கையில் உழுதுவிடுங்கள், இல்லையேல் வைக்கோல் நீருக்கடியில் அழுகி, புவியைச் சூடாக்கும் மீதேன் வாயுவைப் பெருக்கும். தாயாருக்கு, புகை நாட்களில் சன்னல்களை அடைப்பதும் என்95 முகக்கவசமும் உதவும்; துணிக்கவசம் நுண்துகளைத் தடுக்காது.

கேள்வி கேட்டவர்: நன்றி. பக்கத்து வயற்காரரிடம் பேசிப் பார்க்கிறேன்.