புதுப்பிப்பு: மஞ்சக்குப்பம் அணில் குட்டிக்கு என்ன பால்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தென்னை மட்டையோடு விழுந்த, கண் திறக்காத அணில் குட்டி பற்றிய என் பதிவின் தொடர்ச்சி இது. தாய் வரவில்லை, வனத்துறைக்குச் சொல்லியாயிற்று. குட்டி இப்போது நன்றாகக் குடிக்கிறது.

பசும்பால் வேண்டவே வேண்டாம். செரிக்காமல் வயிற்றுப்போக்காகி, நீர்ச்சத்து வற்றிவிடும். நாய்க்குட்டிகளுக்கான பால்மாவை வெந்நீரில் கரைத்து, உடல்சூட்டுக்கு ஆறியதும் கொடுங்கள். 20 கிராம் குட்டிக்கு ஒரு வேளைக்கு 1 மி.லி. போதும். ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக, குட்டியை நிமிர்த்திப் பிடித்து. மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். பாவம், பல குட்டிகள் இப்படித்தான் சாகின்றன. மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் துடையுங்கள்.

உடல் சில்லென்றிருந்தால் முதலில் சூடு, பிறகே பால். குடித்ததும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடிப்பகுதியை வருடினால்தான் சிறுநீர் கழிக்கும்.